எதுகைக்காக வேலையை விட்ட மணமகள்

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் அச்சுக் கடை வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் எல்லாம் அடிப்போம். அதோடு எனக்கு மட்டும் ஒரு உபரி வேலை உண்டு. வாழ்த்து மடல் எழுதுவது. எங்கள் பக்கம் கல்யாணமென்றால் மாப்பிள்ளையின் சிநேகிதர்களோ பெண்ணின் தோழிகளோ சேர்ந்து, மணமக்கள் மேல் ஒரு கவிதையை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பு மேடையில் கொடுப்பார்கள். மைக் பிடித்திருப்பவர் அதைத் தொண்டை கிழியப் படிப்பார். கீழே பந்தியில் இருப்பவர்கள் ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். அப்புறம் அந்தச் சட்டம் மாப்பிள்ளை வீட்டு முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும்.

பாலக்கோட்டிலிருந்து காரிமங்கலம் வரைக்கும் அப்படி எத்தனை வீட்டுச் சுவரில் என் கவிதை தொங்குகிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் எட்டே கவிதைதான். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், மாப்பிள்ளை படித்தவராக இருந்தால் ஒரு வரி கூட்டுவேன், அவ்வளவுதான். பெண் எல்லாவற்றிலும் குத்துவிளக்கு. விளக்கு அலுத்துப்போனால் முல்லைக்கொடி. மாப்பிள்ளை சூரியன், இல்லாவிட்டால் குன்று. கொடி குன்றைப் பற்றிக்கொண்டு படரவேண்டும், விளக்கு எண்ணெய் கேட்காமல் எரியவேண்டும். எழுதுகிற எனக்குத் தமிழில் பட்டம் உண்டு. குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. என் வீட்டுக்காரர் ஒருநாள் கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் பொறுமையா இரு, அதிர்ந்து பேசாதன்னு எழுதற. அதுல ஒரு காப்பி நம்ம வூட்லயும் மாட்டலாமில்ல?"

பசை டப்பாவை எடுத்து ஓங்கினேன். சிரித்துக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அன்றைக்கு நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. கவிதைதானே, யார் அதைப் பிடித்துக்கொண்டு வாழப்போகிறார்கள் என்கிற அலட்சியம்.

போன வைகாசிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஆறேழு பெண்கள் கடைக்குள் திமுதிமுவென்று வந்தார்கள். ஓசூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். எங்கள் ஊர்களிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப்போய்ச் சாயங்காலம் திரும்புகிற பிள்ளைகள். அவர்களோடு ஒரே பஸ்ஸில், ஒரே லைனில் வேலை செய்கிற தோழிக்குக் கல்யாணம். பெண் பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். மாப்பிள்ளை காரிமங்கலம் தாண்டி ஒரு ஊர், சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்துத் தக்காளி ஏற்றுகிறவர்.

"அக்கா, சூப்பரா எழுதுங்க. மண்டபமே கை தட்டோணும்."

"பொண்ணப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன்.

"எங்ககூட கம்பெனியில வேலை செய்யறா. நல்ல பொண்ணுங்க்கா."

அதோடு அவர்கள் பேச்சு ஃபோட்டோவுக்குப் போய்விட்டது. எந்த ஃபோட்டோவில் கன்னம் ஒல்லியாகத் தெரிகிறது என்று அரை மணி நேரம் வாக்குவாதம். நானும் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, ஃபோல்டரில் கவிதை தயாராக இருக்கிறது. கம்பெனி என்றார்களே, அதற்கு மட்டும் புதிதாக நாலு வரி சேர்ப்போம் என்று உட்கார்ந்தேன். கம்பெனி என்று கவிதையில் போட முடியாது, ஆலை என்று போட்டேன். ஆலைக்கு எதுகை வேண்டுமே, வேலை வந்தது. அப்புறம் வரிகள் தாமாகவே ஓடி வந்து உட்கார்ந்துகொண்டன.

ஆலை வாசல் விட்டு வந்து
அன்பு வாசல் புகுந்தவளே!
வேலை என்று வெளிச்செல் லாமல்
வீட்டின் விளக்காய் நின்றிடுவாய்!

படித்துப் பார்த்தேன். சந்தம் நன்றாக விழுந்திருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ப்ரூஃபை வாட்ஸப்பில் அந்தப் பெண்களுக்கு அனுப்பினேன். திரும்பி ஆறு மெசேஜ் வந்தது. ஒருத்திக்கு இனிஷியல் தப்பு, இன்னொருத்திக்குத் தன் பெயர் கடைசியில் இருக்கிறதென்று வருத்தம். இத்தனை வருடத்தில் ப்ரூஃப் பார்த்தவர்களில் தங்கள் பெயரைத் தவிர வேறு எதையாவது படித்தவர்கள் யாருமில்லை. இவர்களும் படிக்கவில்லை. "ஓகேக்கா, சூப்பர்" என்று கட்டைவிரல் படம் வந்தது. அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கழுத்தில் மஞ்சள் கயிறு மங்காத ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் பை. முகத்தில் வெயில்.

"வாழ்த்து மடல் எழுதறது நீங்கதானுங்களா?"

"ஆமா கண்ணு, உள்ள வா. யாருக்கு கல்யாணம்?"

"எனக்கு ஆயிடுச்சுங்க" என்றாள். செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். நான் அடித்துக் கொடுத்த சட்டம், ஒரு பச்சைச் சுவரில். "இது எழுதனது நீங்கதானே?"

பாராட்டப் போகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"நான் வேலைய உடறேன்னு உங்ககிட்ட யாருக்கா சொன்னது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். பெண் பார்க்க வந்தபோதே அவள் கேட்டிருக்கிறாள், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன் என்று. மாப்பிள்ளை சரி என்றார். மாமியார், "போவட்டும், பாத்துக்கலாம்" என்றார். கல்யாணத்துக்காக ஒன்றரை மாதத்துக்குச் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு வரவேற்பு மேடையில் மைக்காரர் இந்தக் கவிதையைப் படித்தார். வேலை என்று வெளிச்செல்லாமல் என்கிற இடத்தில் குரலை உயர்த்தி இரண்டு தடவை படித்தாராம். மண்டபம் கை தட்டியது.

"இப்ப வேலைக்குப் போறேன்னு சொன்னா எங்க அத்தை என்னா சொல்றாங்க தெரியுங்களா? உன் சிநேகிதிங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, ஊரு முன்னால படிச்சாச்சு, இப்ப நீ போனா மாமியாக்காரி கூலிக்குத் தொரத்தி உட்டுட்டான்னு என்னையத்தானே பேசுவாங்கன்னு சொல்றாங்க. எங்க வூட்டுக்காரரு அம்மா சொல்றதுதான்னு உக்காந்துக்கிட்டாரு. வர்ற திங்கக்கிழமை லீவு முடியுது. அன்னிக்குப் போவலைன்னா பேரை எடுத்துருவாங்க. அந்த வேலை திரும்பக் கெடைக்காதுங்க்கா."

"அது சும்மா கவிதைம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? "கவிதைல அப்பிடித்தான் எழுதுவாங்க. அதையெல்லாம் யாரு கண்ணு நெசம்னு எடுத்துக்குவாங்க?"

"சும்மாதான்னா அவருக்கு ஏன் ஒண்ணும் எழுதல? வண்டி ஓட்டாத, வூட்ல இருன்னு அவருக்கு எழுதலாமில்ல?"

சொல்லிவிட்டு அழுதாள். கர்ச்சீப்பை எடுக்காமல், முந்தானையைத் தொடாமல், கைகளைத் தொங்கவிட்டபடி அழுதாள். என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ப்ரூஃப் பார்க்காத அந்தக் கழுதைகள் மேல், இரண்டு தடவை படித்த மைக்காரன் மேல், அம்மா பிள்ளையான அந்த மாப்பிள்ளை மேல். எல்லார் மேலும் கோபப்பட்டு முடித்தபோது நான் மட்டும்தான் மிச்சம் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வந்து என்ன செய்வேன் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன்.

அவள் போனபிறகு ஃபோல்டரைத் திறந்து எட்டுக் கவிதைகளையும் வரிசையாகப் படித்தேன். எழுதியபிறகு நான் அவற்றை முழுதாகப் படித்ததே இல்லை. மாப்பிள்ளைக்கு எல்லா இடத்திலும் வாழ்த்து மட்டும்தான் இருந்தது. உயர்க, வெல்க, நிமிர்க. பெண்ணுக்கு முழுக்க முழுக்க வேலைதான். பொறுத்திடுவாய், காத்திடுவாய், பணிந்திடுவாய், மாமன் மாமி மனம் அறிந்து நடந்திடுவாய். ஒன்றில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதுகூட இருந்தது, சேவல் கூவும் முன்னே என்று. கல்யாண வாழ்த்து என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் நான் வேலைக்காரிக்கு விதிமுறை எழுதியிருக்கிறேன். ஒரு பொம்பளையாக இருந்துகொண்டு எழுதியிருக்கிறேன்.

"உனக்கெதுக்கு வம்பு? மாமியா மருமவ சண்டையில போயி நிக்கற" என்றார் வீட்டுக்காரர்.

"சண்டைய மூட்டி உட்டதே நாந்தானே. நான் போவாம உங்க பாட்டனா போவான்?"

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அவளுக்கென்றே புதிதாக ஒரு கவிதை எழுதினேன். பழைய ஃபோல்டர் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணைப் புகழ்ந்து, நல்ல சந்தத்தில், இரண்டு நாள் அடித்து அடித்துத் திருத்தி எழுதினேன். அதே அளவில் அச்சடித்து எடுத்துக்கொண்டேன். பழைய தாளை எடுத்துவிட்டு இதைச் சட்டத்தில் சொருகிவிட்டால் விவகாரம் முடிந்தது என்பது என் கணக்கு. என் எழுத்து செய்த கெடுதலை என் எழுத்தே சரிசெய்துவிடும் என்கிற கர்வமும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். மேலே கான்கிரீட் போட்ட தார்சு வீடு. வாசலில் தக்காளிக் கூடைகள் அடுக்கிக் கிடந்தன. அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து ஆறேழு வருடம், ஒரே மகன். கையை நீட்டியபோது பார்த்தேன், விரல்கள் எல்லாம் கரும்பச்சையாகக் கறை பிடித்திருந்தன. தக்காளி பறிக்கிறவர்கள் கையில் அந்தக் கறை எளிதில் போகாது.

நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"நீங்களா? அத எழுதுனவங்களா? அய்யோ சாமி, உள்ள வாங்க, உள்ள வாங்க. டேய், சேர எடுத்துப் போடுறா. ஏம்புள்ள, காப்பி வையி."

சேரில் உட்காரவைத்தார். நேரே எதிரில் சுவரில் என் கவிதை. கண்ணாடியில் ஒரு பூச்சரம் சுற்றியிருந்தது. அதைக் காட்டி அவர் சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எம் மவன நாலு தடவ படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு நின்றபடி முழுக் கவிதையையும் ஒப்பித்தார். ஒரு வார்த்தை தப்பவில்லை. நான் மறந்துபோன வரிகள்கூட அவருக்கு ஞாபகம் இருந்தன. வீட்டின் விளக்காய் நின்றிடுவாய் என்று முடிக்கும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. என் எழுத்தை இப்படி யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை. சண்டை போட வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"பத்து வயசுல களை புடுங்கப் போனவங்க நானு" என்றார். "கல்யாணத்தன்னிக்கு மறுநாளே காட்டுல வேலை. இந்தா, இன்னிக்கு வரைக்கும் காடுதான். வூட்ல குந்திக்கிட்டு இருக்கற பொம்பளையப் பாத்தா எனக்கு அவ்ளோ ஆசையா இருக்கும். மகராசின்னு நெனச்சுக்குவேன். எம் மருமவளுக்காச்சும் அது அமையட்டுமே. நான் பட்ட பாட்ட அவளும் படோணுமா?"

சமையலறை வாசலில் அவள் காப்பித் தம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுமைக்கார மாமியாரை மனதுக்குள் தயார் செய்துகொண்டு வந்தவள் நான். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆனாலும் மறுநாள் திங்கட்கிழமை. சொல்லாமல் திரும்ப முடியாது. அவள் கொடுத்த காப்பியைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கவிதை உங்க மருமகளப் பத்தினது இல்லைங்க. எங்கிட்ட எட்டு இருக்குது. வர்றவங்களுக்கெல்லாம் பேரை மாத்தி அதையேதான் அடிச்சுக் குடுக்கறேன். வேலைய உடறதப் பத்தின வரிய அவ சொல்லி எழுதல, அவ சிநேகிதிங்களும் சொல்லல. ஆலைன்னு போட்டேன், அதுக்கு வேலைன்னு போட்டா நல்லா இருந்துது, போட்டுட்டேன். அவ்ளோதாங்க."

அவர் என்னையே பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை போல, மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"அப்ப... எம் மருமவளப் பத்தி நீங்க ஒரு வரிகூட எழுதலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மண்டபத்துல படிக்கறப்ப நான் அழுதேனுங்களே. இவ யாரோ எவரோ, எப்பிடியாப்பட்டவளோன்னு பயந்துக்கிட்டிருந்தேன். அவ சிநேகிதிங்க அவளத் தெரிஞ்சுதானே எழுதியிருப்பாங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். தெனமும் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். இப்ப வந்து, பேரை மட்டும் மாத்துனேன்னு சொல்றீங்களே. நல்லா இருக்குதா உங்களுக்கு?"

இல்லை என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இந்த வயதுவரைக்கும் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

பிறகு அவர் சட்டென்று மருமகள் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் கேட்டார்.

"அப்ப நீ அங்க என்னாதான் புள்ள வேலை செய்யற? இவங்களும் எழுதல, நீயும் சொல்லல. மூட்ட தூக்கறியா, கல்லு ஒடைக்கறியா?"

"இல்லீங்கத்த. போனு செய்யறோம். பன்னெண்டு பேரு ஒரு லைனு. நான் கடைசியில இருக்கறேன். எல்லாரும் மாட்டுனது சரியா இருக்குதான்னு லென்சு வெச்சுப் பாக்கறது நாந்தான். நான் சரின்னாத்தான் வெளிய போவும்."

"நீ சரி சொன்னாத்தானா?"

"ஆமாங்க. ஒரு ஸ்க்ரூ இல்லைன்னாக்கூடத் திருப்பி அனுப்பிருவேன். சூப்பர்வைசரே வந்து கேட்டாலும் உட மாட்டேன்."

"நின்னுக்கிட்டா, குந்திக்கிட்டா?"

"குந்திக்கிட்டுதாங்க. சேரு குடுப்பாங்க."

"வெயிலு?"

"ஏசிங்க அத்த. செருப்பக்கூட வெளிய உட்டுட்டு, வெள்ளக் கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போவோணும். தூசி படக்கூடாதுன்னு."

மாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கறை பிடித்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தார்.

"குனியாம, வெயில் படாம, சேருல குந்திக்கிட்டு செய்யற வேலைய உடச் சொல்லியா நான் ஒண்ணரை மாசமா உங்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறேன்? இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடி?"

"நீங்க கேக்கலீங்களே அத்த."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவனும் அவளை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டவள் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று அவனும் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்காதவர்கள் வரிசையில் நானும்தானே இருக்கிறேன், அவனை என்ன சொல்ல.

"சரி, நாளைக்குப் போ" என்றார் மாமியார். "ஊரு பேசுனா பேசிட்டுப் போவுது. கேக்கறவங்ககிட்ட, எம் மருமவ சரின்னு சொன்னாத்தான் போனே வெளிய வருதுன்னு சொல்லிக்கறேன்."

காலித் தம்ளரை எடுக்கக் குனிந்த மருமகள் நிமிரக் கொஞ்ச நேரமானது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இதுதான் சமயம் என்று பையிலிருந்து புதுத் தாளை எடுத்தேன்.

"அக்கா, இது அவளுக்குன்னே எழுதுனது. ஃபோல்டர்ல இருந்து எடுத்தது இல்ல, சத்தியமா. அதக் கழட்டிட்டு இதப் போட்டுக்குங்க."

"படிறா" என்றார் மகனிடம். அவன் படித்தான்.

ஒருகை தொழிலில் உயர்ந்திருக்க
மறுகை அடுப்பில் மணம்பரப்ப
வருவோர்க் கெல்லாம் விருந்திட்டு
வாடா முகமாய் வாழ்ந்திடுவாய்!

"ம், நல்லாத்தான் இருக்குது" என்றார் மாமியார். "வேலையும் வந்துருச்சு, வூடும் வந்துருச்சு." மகன் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்ற எழுந்துவிட்டான். நான் முகத்தில் பெருமையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்து தாளை வாங்கிக்கொண்டாள். மெதுவாக, லென்ஸ் வைத்துப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கடைக்கு வந்த அன்றைக்கு இருந்த கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அக்கா, இதுல நான் வேலைக்கும் போறேன். வந்து சோறும் ஆக்கறேன். வர்றவங்களுக்கெல்லாம் விருந்தும் வெக்கறேன். மூஞ்சி வாடாமயும் இருக்கறேன். எப்பங்க்கா நான் தூங்கறது?"

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அவளை உயர்த்திவிட்டதாக நினைத்துத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறேன். அதில் அவள் படுத்துக்கொள்ள ஒரு வரி வைக்கவில்லை.

முதலில் சிரித்தது மாமியார்தான். சிரிப்பு பெரிதாகி, இருமலாகி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, இதக் கேக்கோணும்னு எனக்கு முப்பது வருசமாத் தோணவே இல்லியே" என்றார்.

தாளை வாங்கி நாலாக மடித்து என் பையிலேயே போட்டுக்கொண்டேன். மகன் கழற்றிய சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"அத அப்பிடி வெச்சுட்டு வா" என்றார் மாமியார். "நாளைக்கு அவ நாலரைக்கே பஸ் ஏறோணும். எனக்கும் விடியறதுக்குள்ள காட்டுல பறிப்பு. சோறு நீ ஆக்கு."

"எனக்கு ஆக்கத் தெரியாதேம்மா."

"அவள மட்டும் கத்துக் குடுத்தா பெத்தாங்க? ஆக்குறா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவள் ரோடு வரைக்கும் கூட வந்தாள். பஸ் வரும்வரை கவிதையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கம்பெனியில் கொடுக்கிற சாம்பார் வாயில் வைக்க முடியாது, அதனால் எல்லாரும் டப்பா கட்டிக்கொண்டுதான் போவோம் என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் இருந்தேன். ஒரு மாப்பிள்ளைத் தோழர் கூட்டம் வந்து வாழ்த்து மடல் வேண்டும் என்றது. பெண் என்ன செய்கிறாள், அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வாருங்கள், அப்புறம் எழுதுகிறேன் என்று அனுப்பினேன். கிராக்கியைத் துரத்துகிறாளே என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் செல்போனில் மெசேஜ் வந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை, வெளியே வெளிச்சம் இருந்தது.

"அக்கா, வேலைக்குப் போயிட்டு வந்துட்டேன். சோறு கொழஞ்சு களி மாதிரி இருந்துச்சு, முழுசும் சாப்ட்டேன். இப்ப தூங்கப் போறேன்."